பென்சிலில் எழுதிய துண்டுக்காகவே போகலாம்: பண்டாரவளைப் பக்கத்து மிளகாய் நர்சரி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த இடத்துக்குப் பெயர்ப்பலகை கிடையாது. பண்டாரவளையிலிருந்து ஹப்புத்தளைக்குப் போகிற பாதையில் இறங்கி, தேயிலை மலை ஓரமாகப் பத்து நிமிடம் நடந்தால் ஒரு வீடு, அந்த வீட்டுக்குப் பின்னால்தான் நர்சரி. நான் நாலு தடவை போயிருக்கிறேன். மூன்று தடவை காசு கொடுத்துக் கன்று வாங்கினேன், ஒரு தடவை சண்டை பிடிக்கப் போய்ப் பிளேன்ட்டீ குடித்துவிட்டு வந்தேன். அந்தச் சண்டைக் கதை பிறகு.

மிளகாய்க்குப் போய் ஒரு விமர்சனமா என்று கேட்பீர்கள். எங்கள் பக்கத்தில் கொச்சிக்காய் என்றால் பின்கதவுக்குப் பக்கத்தில் தானாக முளைத்து நிற்கிற செடி, சந்தையில் நிறுத்துத் தருகிற பச்சைக்காய், சம்பலுக்குச் செத்தல் மிளகாய், அவ்வளவுதான். நானும் அப்படித்தான் இருந்தேன். பாடசாலையில் ஓ.எல். பிள்ளைகளுக்கு மெண்டலின் பட்டாணிக் கணக்கை (தாய் தகப்பன் குணம் பிள்ளைச் செடிகளில் எந்த விகிதத்தில் வரும் என்பது) கரும்பலகையில் எழுதி எழுதிச் சலித்துப்போய், இதையே கண்ணால் காட்ட ஒரு செடி வேண்டும் என்று தேடத் தொடங்கியதில்தான் இந்தப் பைத்தியம் பிடித்தது.

தேடியவுடன் என்ன செய்வோம், போனில்தான் தேடுவோம். ஒரு விற்பனையாளர், பெயர் வேண்டாம், பளபளக்கும் படங்களோடு பத்துப் பதினைந்து வகை விதை போட்டிருந்தார். கரோலைனா ரீப்பர், நாகம், ஊதாக் காய், வெள்ளைக் காய், எல்லாவற்றுக்கும் மேலே ‘பெப்பர் எக்ஸ்’. ஐந்து பக்கெட்டுக்குக் கிட்டத்தட்ட மூவாயிரம் ரூபா கட்டினேன். வெளிநாட்டிலிருந்து நேரே வருகிறது என்று பெருமையாக வேறு எழுதியிருந்தார்கள். அப்போது எனக்கு இரண்டு விஷயம் தெரியாது. ஒன்று, அனுமதிப் பத்திரம் இல்லாமல் இலங்கைக்குள் விதை கொண்டுவரக் கூடாது, அதற்கு 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டமே இருக்கிறது. இரண்டாவது, பெப்பர் எக்ஸ் 2023இல் 26 இலட்சத்து 93 ஆயிரம் ஸ்கோவில் அலகோடு (உறைப்பை அளக்கிற அலகு) கின்னஸில் ஏறியது உண்மை, ஆனால் அதை உருவாக்கிய எட் கரி அதன் விதையை யாருக்கும் விற்கவில்லை. ஆக, பெப்பர் எக்ஸ் விதை என்று ஒரு பக்கெட் உங்கள் கைக்கு வந்தால், அதற்குள் இருப்பது வேறு ஏதோ. எனக்கு வந்ததில் ரீப்பர் முளைக்கவே இல்லை, பெப்பர் எக்ஸ் முளைத்து வளர்ந்து ஆறு மாதம் கழித்துக் காய்த்தது. நீளமாக, பச்சையாக, சந்தைக் காய் மாதிரியே. அம்மா அதைப் பறித்துப் பருப்பில் போட்டுவிட்டு, “இதுக்கா மூவாயிரம்?” என்றார்.

அதற்குப் பிறகுதான் கூட வேலை செய்கிற ஒரு டீச்சர் இந்த நர்சரியைச் சொன்னார்.

இதை நடத்துகிற அண்ணன் இருபது வருடத்துக்கு மேல் தோட்டத்துத் தேயிலை நர்சரியில் வேலை செய்தவர். அது அவர் கையில் தெரிகிறது. கன்றெல்லாம் தேயிலைக் கன்று வைக்கிற அதே கறுப்புப் பொலித்தீன் உறையில், அதே மாதிரி வரிசை பிடித்து, மேலே நிழல் வலை கட்டி நிற்கின்றன. மிளகாய்தானா என்று முதலில் சந்தேகமே வந்துவிடும். அவர் பேசுவதும் அப்படித்தான். செடியை வெட்டிவிடுவதற்குக் கவ்வாத்து என்பார், இலை நன்றாக வந்தால் “கொழுந்து ஓடுது” என்பார்.

அங்கே என்னைக் கவர்ந்தது கன்றுகூட இல்லை, ஒவ்வொரு உறையிலும் குத்தியிருக்கிற சின்னத் துண்டு. யோகட் கப்பைக் கத்தரிக்கோலால் நீளநீளமாக வெட்டி, அதில் பென்சிலால் எழுதியிருக்கிறார். பேனா மழைக்குக் கரைந்துவிடும், மார்க்கர் வெயிலுக்கு வெளுத்துவிடும், பென்சில் மட்டும் வருடக்கணக்கில் நிற்கும் என்று தேயிலை நர்சரியில் கற்றுக்கொண்டாராம். ஒரு துண்டை அப்படியே சொல்கிறேன்: “அம்மா பெல் (கடை). அப்பா நய்மிரிஸ். எஃப்1.” பெல் என்றால் உறைக்காத குடைமிளகாய், நய்மிரிஸ் கடும் உறைப்பு, எஃப்1 என்றால் இரண்டையும் கலந்து வந்த முதல் தலைமுறை. இன்னொன்றில், “கொச்சி. சொந்தம். 5 தலைமுறை.” மூன்றாவதில், “ஊதா, எங்க வீட்டு மூலை. அப்பா ?” கேள்விக்குறியோடு. நான் காசு கட்டி ஏமாந்த பக்கெட்டில் வர்ணப்படமும் உலக சாதனை எண்ணும் இருந்தன, ஒரு கேள்விக்குறி இல்லை. இங்கே ஒரு மனுஷன் தனக்குத் தெரியாததையும் எழுதி வைத்து விற்கிறார். நான் திரும்பத் திரும்பப் போவதற்குக் காரணம் அந்தக் கேள்விக்குறிதான்.

எஃப்1, எஃப்2 என்றால் என்ன என்று கேட்டால் அவர் மெண்டலிடம் போகமாட்டார், தேயிலையிடம்தான் போவார். “வீபீ தேயில பாத்திருக்கீங்கதானே டீச்சர்? ஒரு கிளைய வெட்டி வச்சா தாய் மாதிரியே வரும், மலை பூரா ஒரே மொகம். பழைய வெதத் தேயில மலைக்குப் போய்ப் பாருங்க, ஒரு செடி மாதிரி இன்னொரு செடி இருக்காது. கொச்சிக்காயில கலப்பு வெத அந்த மாதிரி.” தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட டி.ஆர்.ஐ. 2025 என்கிற தேயிலை வகை ஏன் எந்த மலையில் நட்டாலும் அதுவாகவே இருக்கிறது, தாத்தா காலத்து மலையில் ஏன் ஒரு செடி முந்தி ஒரு செடி பிந்தித் துளிர்க்கிறது என்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதைவிட நல்ல விளக்கம் வேண்டாம். நான் வகுப்பில் இப்போது இதைத்தான் சொல்கிறேன்.

கலப்பு செய்வதையும் ஒரு நாள் காட்டினார். காலை எட்டு மணிக்கு முன்னால் வரச் சொன்னார், போனேன். நாளைக்கு விரியப் போகிற மொட்டு ஒன்றைத் தேர்ந்தார், உப்பி வெள்ளையாக, ஆனால் வாய் திறக்காமல் இருப்பது. புருவம் பிடுங்குகிற சின்ன இடுக்கியால் இதழை ஒவ்வொன்றாக விலக்கினார். உள்ளே நடுவில் சூல்முடி பச்சைக் குச்சி மாதிரி, அதைச் சுற்றி நீலம் ஓடிய மகரந்தப் பைகள், இன்னும் வெடிக்காதவை. அந்தப் பைகளை மட்டும் அடியோடு கிள்ளி எடுத்தார், நடுக்குச்சியில் இடுக்கி படவே இல்லை. எனக்கு மூச்சு நின்றுவிட்டது, அவர் பாட்டுக்குத் தோட்டத்துச் சம்பளக் கதை சொல்லிக்கொண்டே செய்கிறார். அப்புறம் இன்னொரு செடியில் அன்று காலை விரிந்த பூவைக் கொண்டுவந்து அதன் பொடியை அந்தக் குச்சி நுனியில் மெல்லத் தொட்டு வைத்தார். கடைசியில் காம்பில் சிவப்பு நூல் ஒரு முடிச்சு, பூவின் மேல் ஒரு டீ பேக். ஆமாம், தூளைக் கொட்டிவிட்டுக் கழுவிக் காயவைத்த டீ பேக். தேனீயும் எறும்பும் வேறு மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்க்காமல் இருக்க. பத்துப் பூவில் மூன்று நின்றால் சந்தோஷப்படணும் என்றார். நான் வீட்டில் செய்ததில் முதல் பன்னிரண்டில் ஒன்றுகூட நிற்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு விஷயம், ஏனென்றால் இதைச் சொல்லாத ஆளே இல்லை: கறிமிளகாய்க்குப் பக்கத்தில் கொச்சி நட்டால் கறிமிளகாய் உறைத்துப் போகும் என்பார்கள். இந்த வருடக் காய் உறைக்காது. காயின் சதை தாய்ச்செடியின் சொத்து, கலப்பு உள்ளே விதையில்தான் இருக்கிறது. அந்த விதையை எடுத்து மறுபடி முளைக்கவிட்டால்தான் தகப்பன் யார் என்று தெரியும். அயல்வீட்டுக் கொச்சியைக் குறை சொல்லாதீர்கள். (எங்கள் பின்வீட்டு மாமிக்கும் இது போய்ச் சேரட்டும்.)

சரி, வாங்கியவற்றுக்கு வருகிறேன்.

முதலாவது ரொகோட்டோ. இதற்காக மட்டுமே நீங்கள் போகலாம். மனிதர் பழக்கி வளர்க்கிற மிளகாய் இனங்கள் ஐந்து, அதில் இதுதான் மலைக்காரன். அண்டீஸ் மலையில் பெருவிலும் பொலிவியாவிலும் வளர்வது, இலையிலும் தண்டிலும் பூனை ரோமம், பூ ஊதா, விதை கறுப்பு. மிளகாய்க்குள் கறுப்பு விதையைப் பார்த்த அம்மா காய் அழுகிவிட்டது என்று தூக்கி எறியப் பார்த்தார். காய் சின்ன அப்பிள் அளவு, சதை தடிப்பு, கடித்தால் முதலில் இனிப்பு மாதிரி ஒன்று வந்து அப்புறம் தொண்டைக்குப் பின்னால் நெருப்பு. மற்ற மிளகாய்கள் குளிருக்குச் சுருண்டுவிடும், இது எங்கள் டிசம்பர் இரவில் நிமிர்ந்து நிற்கிறது. நுவரெலியாக்காரர்களும் வைக்கலாம், ஆனால் ஜனவரிப் பனி உறைகிற நாட்களில் மூடிவிட வேண்டும், குளிர் தாங்கும், உறைபனி தாங்காது. இதை மற்ற நாலு இனத்தோடும் கலக்க முடியாது, முயற்சி செய்து நேரத்தை வீணாக்காதீர்கள். ஒன்றாக வாங்காமல் இரண்டாக வாங்கச் சொன்னார், ஒன்று தனியாக நின்றால் காய் பிடிப்பது குறைவு என்று. கேட்காமல் ஒன்று வாங்கினேன். பூ பூவாகக் கொட்டியது. இரண்டாவதை வாங்கிப் பக்கத்தில் வைத்த பிறகுதான் ஒழுங்காகக் காய்த்தது. கன்று ஒன்று 350 ரூபா, பல வருடம் நிற்கிற செடிக்கு அது ஒன்றும் விலையில்லை.

இரண்டாவது நய்மிரிஸ். சிங்களத்தில் நயா என்றால் நாகபாம்பு, பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது. நம் நாட்டில் வேரூன்றிப்போனவன், ஹபனேரோவின் இனம்தான், கப்சிகம் சைனென்ஸ். சைனென்ஸ் என்று பெயர் இருந்தாலும் சீனாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, எல்லா மிளகாயும் போல இதன் ஊரும் அமெரிக்காதான். உண்மையான நய்மிரிஸா என்று பார்க்க ஒரு வழி: காம்பு காயோடு சேர்கிற இடத்தில் சின்ன மோதிரம் போட்ட மாதிரி ஒரு இறுக்கம் இருக்கும், ஒரு கணுவில் இரண்டு மூன்று பூ சேர்ந்து வரும். சாதாரண மிளகாயில் பெரும்பாலும் கணுவுக்கு ஒரு பூதான். வாசனைக்காகவே வாங்கலாம். சோற்றுப் பானையை இறக்கியதும் காயைக் கீறாமல் மேலே வைத்து மூடிவிட்டால் போதும், சோறு முழுக்க மணக்கும். கீறினால் அது வேறு கதை.

மூன்றாவது, நான் சொன்ன பெல்–நய்மிரிஸ் எஃப்1. இதுதான் என் வகுப்புக்கு வேண்டிய செடி. வாங்கும்போதே எச்சரித்தார், அம்மா ஒரு இனம் அப்பா இன்னொரு இனம், காய்க்குள் விதை குறைவாகத்தான் இருக்கும் என்று. சரியாகவே சொன்னார், சில காயில் ஏழெட்டு விதைதான். பூவை டீ பேக்கால் மூடித் தன் மகரந்தத்தையே எடுக்க வைத்து, அந்த விதையை விதைத்து (இந்த அடுத்த தலைமுறைதான் எஃப்2), ஒன்பது செடி காய்க்கும் வரை கொண்டுவந்தேன். ஒன்பதும் ஒன்பது விதம். ஒன்று பெல் மாதிரி நாலு மூலை, ஆனால் தேசிக்காய் அளவு. ஒன்று சுருங்கிய விளக்கு மாதிரி. ஒன்று பழுத்தும் செம்மஞ்சளுக்கு மேல் போகவில்லை.

ருசி பார்க்க அம்மிதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு செடியிலும் ஒரு காய் பறித்து, இலக்கம் எழுதிய தட்டில் வைத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாக வெங்காயம், மாசி, உப்பு, தேசிப்புளியோடு கட்டச் சம்பல் அரைத்தோம், ரொட்டியோடு. ஒவ்வொன்றுக்கும் அம்மியைக் கழுவிக் கழுவி அம்மாவுக்குக் கோபம். மூன்றாவதிலேயே அண்ணன் மகன் எழுந்து ஓடிவிட்டான். நாலாவதும் எட்டாவதும் என்ன செய்தும் உறைக்கவில்லை, வாசனை அப்படியே நய்மிரிஸ் வாசனை, உறைப்பு மட்டும் சுத்தமாக இல்லை. உறைப்பைத் திறந்து மூடுகிற ஒரு மரபணு இருக்கிறது, உறைப்புப் பக்கம்தான் ஆட்சியுடையது, அதாவது தாய் தகப்பனில் ஒருவரிடமிருந்து வந்தாலே காய் உறைக்கும். எஃப்1 எல்லாம் உறைத்ததும், எஃப்2இல் கணக்குப்படி நாலில் ஒன்று உறைக்காமல் போவதும் அதனால்தான். ஒன்பதில் இரண்டு, கணக்கு கிட்டத்தட்டச் சரி. கரும்பலகையில் 3:1 என்று எத்தனை வருடம் எழுதியிருப்பேன். அன்றைக்குத்தான் அதை ரொட்டியில் தொட்டுச் சாப்பிட்டேன். விரல் எரிச்சல் இரவு வரை போகவில்லை, தண்ணீரில் கழுவிப் பயனில்லை, உறைப்பு எண்ணெயில்தான் கரையும். தேங்காய் எண்ணெய் தேய்த்து அப்புறம் சவர்க்காரம் போடுங்கள். வாய்க்குத் தயிர்.

இப்போது குறைகள், அவையும் இருக்கின்றன.

சண்டைக்குப் போன கதை: இரண்டாம் தடவை வாங்கிய நாலு கன்றில் இரண்டு, வீட்டுக்கு வந்து பத்து நாளில் நுனியிலை சுருண்டது. ஓரம் கீழ்ப்பக்கமாக மடிந்து, இலை தடித்து, துளிர் நின்றுவிட்டது. ஓரம் மேலே மடிந்தால் பெரும்பாலும் இலைப்பேன், கீழே மடிந்தால் சிலந்திப்பேன், அது கண்ணுக்கே தெரியாது. ஆக, நர்சரியிலிருந்தே வந்திருக்கிறது. கன்றைப் பையில் கட்டிக்கொண்டு போனேன். அவர் பையை நர்சரிக்குள் கொண்டுவரவே விடவில்லை, வாசலிலேயே நிறுத்திப் பூதக்கண்ணாடி கொண்டுவந்து பார்த்தார். பார்த்துவிட்டு, “எங்க பக்கத்துப் பெழதான் டீச்சர்” என்று ஒரே வார்த்தை. வேறு இரண்டு கன்று தந்தார், பழையதைக் கவ்வாத்து பண்ணிக் கந்தகம் அடிக்கச் சொன்னார், அதில் ஒன்று பிழைத்தது. பிழையை ஒத்துக்கொண்டது பெரிய விஷயம். ஆனால் கன்றை விற்பதற்கு முன்னால் அந்தக் கண்ணாடியால் பார்த்திருக்கலாமே. புதிதாக வாங்குகிறவர்கள் இரண்டு கிழமை தனியாக ஒதுக்கி வைத்துவிட்டு மற்றச் செடிகளோடு சேருங்கள்.

உறைக்குள் தும்புத்தூள் மிக அதிகம். கீழ்நாட்டு வெயிலுக்குச் சரிவரலாம், எங்கள் ஐப்பசி மழைக்கு வேர் ஊறிப்போகிறது. வந்தவுடன் மண் மாற்றிவிடுங்கள். தேயிலை நின்ற மண்ணை அப்படியே அள்ளிப் போட்டுவிடவும் வேண்டாம், தேயிலை விரும்புகிற புளிப்பு மிளகாய்க்கு ஆகாது, கொஞ்சம் டொலமைட்டும் கூட்டெருவும் கலந்தால்தான் செடி நிமிர்கிறது.

அப்புறம் ரீப்பர். அவரும் வைத்திருக்கிறார், கேட்டால் விற்கிறார், 400 ரூபா. துண்டில் ஒழுங்காக எழுதியிருக்கிறது, ஏமாற்று இல்லை. ஆனால் இந்த உயரத்தில் வெளியில் வைத்தால் இரவு 15 பாகைக்குக் கீழே போகிற மாதங்களில் பூ கொட்டிக்கொண்டே இருக்கும் என்பதை அவர் தானாகச் சொல்லவில்லை, நான் கேட்ட பிறகுதான் சொன்னார். செடிக்குப் பொலித்தீன் கூடாரம் இருப்பவர்கள் வாங்குங்கள். பதுளைப் பக்கம், கீழே இருப்பவர்கள் தாராளமாக வாங்குங்கள். மற்றவர்கள் 400 ரூபாவுக்கு இலை வளர்ப்பீர்கள்.

விதையும் தருகிறார், பத்து விதை 200 ரூபா, பழைய கடித உறையில். நய்மிரிஸ் வகைகள் முளைக்கச் சூடு வேண்டும், 27–30 பாகை. ஈரத்துணியில் சுற்றி அடுப்புத் திட்டின் மூலையில் வைத்தேன், பதினெட்டாம் நாள் வேர் எட்டிப் பார்த்தது. ஜன்னலில் வைத்தவை ஒரு மாதம் ஆகியும் அசையவில்லை.

போன் எடுக்கமாட்டார். வட்ஸ்அப்பில் செய்தி போட்டால் மூன்று நாள் கழித்துப் பெருவிரல் மட்டும் வரும், அது இருக்கிறது என்றா, பார்த்தேன் என்றா, கடவுளுக்குத்தான் வெளிச்சம். கொரியரில் அனுப்புவதில்லை. பில் இல்லை. சனி, ஞாயிறு காலை மட்டும்தான் ஆள் நிற்பார், பகல் ஒரு மணிக்கு மேல் போனால் நாய் மட்டும் நிற்கும்.

புள்ளி கேட்டால் ஐந்துக்கு நாலு. அந்த ஒரு புள்ளி சிலந்திப்பேனுக்குப் போனது.

போகிறவர்கள் சில்லறையாகக் காசு கொண்டுபோங்கள், மாற்றிக் கொடுக்க அவரிடம் இருக்காது. கன்று எடுக்கும்போது துண்டை உறையிலிருந்து பிடுங்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள், பஸ்ஸில் விழுந்துவிடும், எனக்கு ஒன்று விழுந்து இப்போது மூலையில் நிற்கிற ஒரு செடிக்கு அம்மா அப்பா யார் என்று தெரியாது. நானும் ஒரு யோகட் கப்பை வெட்டி அதில் கேள்விக்குறி போட்டுக் குத்தி வைத்திருக்கிறேன். அந்த ஊதாச் செடி, ‘எங்க வீட்டு மூலை’, இன்னும் இரண்டுதான் மீதி நிற்கிறது. ஒன்றை எனக்கு விடுங்கள், வருகிற சனிக்கிழமை போகிறேன்.